யார் சொன்னது என்று கேட்ட வகுப்பு

சிமெண்ட் கிடங்கில் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்த பிறகு, மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர். கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. போனில் எந்தச் செய்தி வந்தாலும் அவரிடம்தான் நீட்டுவார்கள். அவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசித்துக் குரல்பதிவாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு முழுக்க அவர் குரல்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளுடைய பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். நகத்திடுக்கில் இருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, துவைத்த சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால், பலகையில் எழுத மகள் தயாராக நின்றாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"போன்ல வர்றதை அப்படியே நம்பக் கூடாது. இப்ப நம்ம பிள்ளைங்க ஒரு செய்தியைப் பிரிச்சு மேயப் போறாங்க, பாருங்க. இது ஒரு வீட்டுக்கு வந்தது" என்றார் டீச்சர். பொத்தானைத் தட்டினார்.

"அன்பு உறவுகளே! சிமெண்ட் தூசி கண்ணில் விழுந்தால் எலுமிச்சைச் சாறு விடுங்கள். தூசி தானாக வெளியேறும். இது மரு... மருத்து... மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது அவர் குரல்.

"வாசிக்கவே வரல, இதுல வைத்தியம் வேற!" என்றது ஒரு வாண்டு.

"சிரிச்சது போதும், தேடிப் பாருங்க" என்றார் டீச்சர்.

விசைகள் படபடத்தன.

"எந்த டாக்டர்னு எங்கயுமே இல்ல டீச்சர்."

"தண்ணி விட்டு நல்லா கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி போகணுமாம். எலுமிச்சை விட்டா கண்ணு புண்ணாயிடும்னு போட்டிருக்கு."

அவருக்கு நெட்டையின் ஞாபகம் வந்தது. கூட மூட்டை பிடிக்கிறவன். சாறு விட்டு, கண் வீங்கி, வேலைக்கு வராமல் கிடந்தான். "நீங்க வாசிச்சா தப்பா இருக்குமா அண்ணே? எனக்குத்தான் சரியா விடத் தெரியல" என்றான். "கை அழுக்கோட விட்டிருப்பே" என்று இவரும் வாய் கூசாமல் சொல்லியிருந்தார்.

"சரி, இப்ப முக்கியமான கேள்வி" என்று டீச்சர் மகள் பக்கம் திரும்பினார். "இதை யார் சொன்னது?"

மகள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள்.

"தெரியல டீச்சர்."

அவர் எழுந்து நின்றிருக்கலாம். குனிந்து நகத்திடுக்கைச் சுரண்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்றாள்.

"பொய்யைக் கண்டுபிடிக்கிற வகுப்புல நானே பொய் சொல்லிட்டேன்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது சுருக்கென்று தைத்தது. சுவரோரம் ஒதுங்கிப் போனை எடுத்தார்.

"இதை எப்படிம்மா அழிக்கிறது?"

"இப்ப அழிச்சா உங்க போன்லதான் போகும். போன வீட்டுக்கெல்லாம் போய் அழிக்க முடியாதுப்பா."

அவர் போனை வாய்க்கருகே கொண்டுபோனார். இந்த முறை கனைக்கவில்லை.

"ரேடியோ பேசறேன். அந்த எலுமிச்சைச் சாறு சமாச்சாரம் பொய். யாரும் விடாதீங்க. யார் சொன்னதுன்னு கேக்காம நான் வாசிச்சுட்டேன். நெட்டை, உன் கண்ணு வீங்கினது உன் கையால இல்லடா. என் வாயால."

நாலு அடி நடப்பதற்குள் நெட்டையின் பதில் வந்துவிட்டது.

"இன்னிக்குத் திக்காம வாசிச்சுட்டீங்களே அண்ணே! இதை யாரு எழுதி அனுப்புனது?"

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் காதுமடல் சுட்டது.

"யாரும் எழுதி அனுப்பலடா" என்றார் போனில். "நான்தான் சொல்றேன்."