ஸ்வெட்டர் மேல் எடுத்த அளவு

யூனிபார்மைப் போட்டுக்கொண்டு பங்கஜம் திரும்பியதும் சரிதா கிட்டப் போய்ப் பார்த்தாள். தோள் தையல் தோளில் இல்லை, கீழே இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற வினோத்தின் சட்டைக்குள் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"ஏனுங்க்கா, எனக்குத் தச்சீங்களா, எங்க ஊட்டு பீரோவுக்குத் தச்சீங்களா?" என்றான் அவன்.

குன்னூரில் அன்று மாலை திறக்கப்போகும் ரெஸ்டாரண்ட் அது. பக்கத்து ஊரான ஜெகதளாவில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த சரிதாவுக்கு, பங்கஜம், வினோத் மாதிரி அங்கே பரிமாறுகிறவர்களுக்கான உடுப்பை வடிவமைக்கும் வேலை கிடைத்ததே பெரிய விஷயம். கரும்பச்சை நீளச்சட்டை, அதன்மேல் சந்தன நிற ஏப்ரன் என்று எத்தனை படம் வரைந்து அழித்திருப்பாள்! மேனேஜர் அம்புரோஸ் காலையிலேயே சொல்லிவிட்டார்: "பாத்ததும் புடிக்கணும்மா. இல்லேன்னா கோயமுத்தூர்ல ரெடிமேடா எடுத்துக்குவேன்."

எங்கே பிசகியது? நாற்காலியில் குவிந்து கிடந்த ஸ்வெட்டர்களைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. அட, கூறுகெட்டவளே! அளவெடுத்த அன்று எல்லாரும் ஸ்வெட்டரோடு நின்றார்கள். அளவெடுத்தவளும் ஸ்வெட்டரோடுதான் நின்றாள். பிறந்ததிலிருந்து உடம்போடு ஒட்டிக் கிடப்பதைக் கழற்றச் சொல்ல இந்த மலையில் யாருக்குத் தோன்றும்? ஹாலில் ஹீட்டர் ஓடும், வேலை நேரத்தில் ஸ்வெட்டர் கூடாது என்று மேனேஜர் சொன்னது அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"கழட்டிருங்க்கா. பிரிச்சுத் தைக்க நேரமில்ல. எல்லாம் போச்சு" என்றாள். 

"அட, இரு புள்ள."

பங்கஜம் இந்த வேலைக்கு வருமுன் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். செடி ஈரம் படாமலிருக்க இடுப்பில் சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிப் பழகிய கை. அந்தப் பழக்கத்தில் தொளதொளத்த சட்டையை இடுப்போடு கொசுவிப் பிடித்தாள். ஏப்ரன் நாடாவை இழுத்துச் சுற்றி இடப்பக்கம் முடிந்தாள். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தட்டத் தூக்கறப்ப அவுந்து உழுகக் கூடாதுல்ல?"

பச்சைத் துணி மடிப்பு மடிப்பாக இறங்கி நின்றது. பங்கஜத்தைச் சரிதாவுக்கு வருஷக்கணக்கில் தெரியும், ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்ததே இல்லை. இவ்வளவு நீளக் கழுத்தா இவளுக்கு? இந்தத் தோள் இத்தனை நாள் எங்கே கிடந்தது? தான் வரைந்த படம் எதிலும் இந்த அழகு இல்லை, சத்தியமாக இல்லை.

"அக்கா, உங்கள இன்னிக்கித்தான் பாக்கறேன்."

"போ புள்ள" என்று வெட்கப்பட்டுக்கொண்டே பங்கஜம் தண்ணீர் கிளாஸ் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

செல்போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்த அம்புரோஸ் தலையைத் தூக்கினார். விருந்தாளி யாரோ முன்னதாகவே வந்துவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம்தான் அவள் கையிலிருந்த தட்டைக் கவனித்தார். அப்போதும் அவர் உட்காரவில்லை.

கதவோரம் நின்ற சரிதா திரும்பிப் பார்த்தாள். வினோத்தும் தன் சட்டையை இடுப்போடு கொசுவி, நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான்.