மூன்று விரலுக்கு ஒரு நெக்

2005 ஏப்ரலில் மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் பெல்ட்டில் பெலிக்ஸின் இடது கை மாட்டிக்கொண்டது. சுனாமி நாசமாக்கிய பாத்திகளைச் சரிசெய்து, அந்த வருஷத்து உப்பை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்த நேரம். நழுவிய பெல்ட்டை மோட்டாரை நிறுத்தாமலே தள்ளிவிடப் பார்த்தான். நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன.

முப்பத்திரண்டு வயது அவனுக்கு. பதினைந்து வருஷமாக மாதா கோயில் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவன். கட்டுப் பிரித்த அன்று கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"யாருக்காவது குடுத்துடு" என்றான் தங்கை லிடியாவிடம்.

லிடியா கொடுக்கவில்லை. அவள் குயிலாப்பாளையத்தில் ஒரு மரப் பட்டறையில் வேலை பார்த்தாள். டிப்ளமோ முடித்தவள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அந்த வரைபடத்தின்படியே மரத்தைக் கடைந்து தரும் மெஷின் அங்கே இருந்தது. அதை ஓட்டுவது அவள்தான். கிடாரில் கம்பிகள் ஓடுகிற நீளப் பகுதியை நெக் என்பார்கள். இடது கை பிடிக்கும் இடம் அதுதான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தனியாக வந்துவிடும் என்று அண்ணன் முன்பு காட்டியிருக்கிறான். விரல் குறைந்த கைக்கு ஒல்லியான நெக் இருந்தால் சுலபமாக இருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, நூலை வைத்து அந்தக் கையை அளந்தாள். பட்டறை முதலாளி சனிக்கிழமை சாயங்காலங்களில் மெஷினைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். கழித்துப்போட்ட தேக்குத் துண்டு ஒன்றில், பழைய நெக்கைவிட நாலு மில்லிமீட்டர் மெலிசாக ஒன்றைக் கடைந்தெடுத்தாள். உள்ளே கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இரும்புக் கம்பி, மேலே ஒட்டிய ஈட்டிமரப் பலகை, அதில் சுரங்களைப் பிரிக்கக் குறுக்கே ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி இறக்கிய பிரெட் கம்பிகள் என்று முடிக்க இரண்டு மாதம் ஆனது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பாலிஷ் போடும் மங்கம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அளவெல்லாம் உங்க அண்ணன் குடுத்தாரா?"

"இல்லக்கா. அவருக்குத் தெரியாது."

மங்கம்மா நெக்கை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

வீட்டில் லிடியா அதைக் கிடாரில் பொருத்தி அண்ணன் மடியில் வைத்தாள். பெலிக்ஸ் நெக்கின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கம்பிமேல் வைத்து அழுத்தினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை நரம்பு இழுத்துக்கொண்டது. உதறினான்.

"என் கைய எப்ப அளந்த?"

"நீ தூங்கும்போது..."

"செத்தவனுக்குப் பொட்டி அடிக்கத்தான் கேக்காம அளப்பாங்க."

அம்மா சூசைமேரி அடுப்படியிலிருந்து, "டேய், என்ன பேச்சுடா பேசுற?" என்று ஓடிவந்தாள். அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். லிடியா ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதைத் தேடுகிற சாக்கில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இருவரும் நாலைந்து நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் காலை வேலைக்குப் போக லிடியா பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அவளுக்கு முன்பே அவன் அங்கே நின்றிருந்தான்.

"தப்பு என்னன்னு சொல்லவா?" என்றான். "மெலிசு பண்ணிட்ட. ரெண்டு வெரல்தான் அழுத்துது, அப்போ கட்டைவெரலு எவ்ளோ தாங்கணும்? அது சாய எடமே இல்ல. எனக்குத் தடிமனாத்தான் வேணும்."

"எந்தப் பக்கம்ணா?"

"தடிக் கம்பிப் பக்கம். கீழ்ப்பக்கம் ஒல்லியாவே இருக்கட்டும், சுண்டுவெரலு எட்டணும்."

"மன்னிச்சிக்கண்ணா. உன்ன கேட்டிருக்கணும்."

"இப்ப கேட்டுட்ட இல்ல" என்றான். பஸ் வந்தது. அவனும் ஏறிக்கொண்டான்.

அடுத்த நெக்கின் பின்பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் மரத்தை வேண்டுமென்றே கூடுதலாக விட்டுவைத்து மெஷினை நிறுத்தினாள். மிச்சம் கைவேலை. சனிக்கிழமைதோறும் பெலிக்ஸ் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நெக்கைப் பிடித்துப் பார்ப்பான். கட்டைவிரல் உறுத்தும் இடத்தில் பென்சிலால் கோடு போடுவான். லிடியா அந்தக் கோடு மறையும்வரை அரத்தால் ராவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

"இன்னும் கொஞ்சம்."

"போதுமா?"

"இரு, இரு. ஐயோ, அங்க இல்ல, அதுக்கு மேல."

ஒரு வாரம் அவனுக்கு எதுவுமே சரிப்படவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு, "விடு லிடியா, இது ஆவாது" என்றான். அவள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கி வந்தாள். குடித்து முடித்ததும் அவனே பென்சிலைத் தேடினான்.

நவம்பர் கடைசியில் நெக் தயாரானது. பழைய பாட்டுகள் பழையபடி வரவில்லை. மூன்று விரல் வைக்கும் இடங்களை எல்லாம் இரண்டு விரலுக்கு மாற்றி, மற்ற கம்பிகளைத் திறந்தபடியே ஒலிக்க விட்டான். சில பாட்டுகளைக் கடைசிவரை வசப்படுத்த முடியவில்லை, விட்டுவிட்டான்.

கோயில் குழுவில் அவன் இடத்துக்குக் கீபோர்டு வாசிக்கும் பையன் வந்திருந்தான். பெலிக்ஸ் இடம் கேட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் வண்டி புறப்பட்டபோது குழுவின் பெரியவர் சவரிராயன் வாசலில் வந்து நின்றார்.

"வர்றியாப்பா? தப்பு வந்தா வரட்டும். தெருவுல யாரு கணக்கெடுக்கப் போறா?"

போனான். மினி லாரியின் பின்னால், ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். முதல் தெருவில் இரண்டு இடத்தில் சுருதி போனது. மூன்றாம் தெருவில் கை இழுத்துக்கொண்டது. ஒரு பாட்டு முழுக்கச் சும்மா இருந்தான். லிடியா லாரியின் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள். ஏறிப்போய்க் கையைப் பிடித்துவிடலாமா என்று பதறினாலும் அவன் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. அடுத்த பாட்டுக்கு அவனே தொடங்கினான். கீபோர்டுப் பையன் அவனைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு வீட்டில் கேக் கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்த சவரிராயன் ஆசையாகக் கிடாரை வாங்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்பா, இது என்ன இப்படிக் கோணலா இருக்குது?"

"எனக்கு நேராத்தான் இருக்குது, குடுங்க" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டான் பெலிக்ஸ். லாரி அடுத்த தெருவுக்குத் திரும்பியது.