உண்டு வருவதற்குள் கூர்பெற்ற கத்தி

கீழ்வானத்துச் செம்மை நீரிற் படிந்து, படிந்த செம்மை மெல்ல வெளுத்து, பெருங்கலங்களின் இரும்பு விலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படத் தொடங்கிய காலைப்பொழுதில், துறைமுகத்தை நோக்கிச் சரிந்திறங்கும் நீள்தெருவின் இருமருங்கும் பட்டறைகள் கதவு திறந்தன. வடம் திரிப்போரும், பாய் தைப்போரும், நங்கூரத்துக்குக் கரும்பூச்சு இடுவோரும் தத்தம் தொழிலிற் புகுந்தனர். அத்தெருவின் கடைக்கோடியில், மழைநீர் வழிந்த கறைகளைச் சுவரெல்லாம் தாங்கி நின்ற கட்டடமே, கருவிகளைத் தேர்ந்து தகுதி கூறும் ஆய்வுக்கூடம். கற்றறிந்த அன்பரே, நாம் அதன் இரண்டாம் மாடிக்கு ஏறவேண்டும். படிகள் சற்றுச் செங்குத்தானவை, பொறுத்தருள்க.

அங்கே, ஏனையோர் வருமுன்னரே வந்து, சாளரம் திறந்து, அளவுக்கருவிகளைத் துடைத்து, அவற்றின் முட்கள் சுழியிற் சரியாக நிற்கின்றனவா என்று இருமுறை பார்த்தபின் இருக்கையில் அமரும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு மயிரிழை வேறுபாட்டையும் விடாமல் குறித்து வைப்பவள் ஆதலின், உடன் பணிபுரிவோர் அவளை 'மயிரிழை அக்கா' என்றே அழைத்தனர். நகைப்பதற்கென்று இட்ட அப்பெயரை அவள் பட்டமாகவே ஏற்றுக்கொண்டாள்; இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கூறிய அளவு ஒன்றேனும் பிழைத்ததில்லை.

அன்று அவள்முன் கிடந்தது மடங்காத அலகுடைய சிறு கத்தி. உள்ளங்கையில் அடங்கும் அதனைத் துறைமுகத்து இழுவைப் படகினர் அனைவர்க்கும் இடுப்பில் அணிவிக்க எண்ணியிருந்தனர். ஏனெனில், சென்ற ஆண்டு படகொன்றில், ஓடும் வடத்தின் சுருளிற் கால் அகப்பட்ட ஒருவனை விடுவிக்க, அருகிருந்தவன் தன் கத்தியால் பதினொரு முறை அறுத்தும் வடம் அறவில்லை, கால் அற்றது. அந்தப் பதினொரு முறையும் அறுத்த கை, மயிரிழை அக்காவின் உடன்பிறந்த தம்பியின் கை. இப்புதுக் கத்தியையும் அவனே அணியப்போகிறான் என்பதை நினையாமல் அவளால் அதனைத் தொட இயலவில்லை.

முதலில் அவள் அலகின் அகலத்தை அளந்து குறித்தாள். பின்னர், இழுத்துக் கட்டிய நூலின்மேல் கத்தியின் வாயை வைத்து அழுத்தி, நூல் அறும் நேரத்தில் முள் காட்டிய எண்ணை நோக்கினாள். எண் சிறிதாயின் கூர்மை மிகுதி. முள் பதினைந்தில் நின்றது. மகிழ்ந்தாள். அதன்பின் பருமனான வடத்தை முந்நூறு முறை, ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்திற்கு இழுத்து அறுத்து, தோள் கடுக்க, நெற்றி வியர்க்க மீண்டும் நூலில் வைத்தாள். முள் நாற்பத்திரண்டுக்குத் தாவியது. எஃகு மெலிது என்பது தெளிவாயிற்று. மதிய உணவுக்குப்பின் மறுமுறை பார்த்து முடிவெழுதலாம் என்று கத்தியைப் பலகைமேல் வைத்து, அறையைப் பூட்டிச் சென்றாள்.

உண்டு வந்து மீண்டும் நூலில் வைத்தபோது, முள் பதினாறில் நின்றது. அளவுக்கருவி பழுதோ என ஐயுற்று, வேறொன்றில் வைத்தாள், அதிலும் பதினாறே. அலகின் அகலத்தை அளந்தாள். காலையிற் குறித்ததைவிட ஒரு மயிரிழை குறைவு. பிடியும் அலகும் கூடும் இடுக்கில் சாணைக்கல்லின் சாம்பல்நிறச் சேறு இன்னும் ஈரம் உலராமல் இருந்தது. அவ்வறையின் திறவுகோல் இருவரிடமே உண்டு. ஒருத்தி இவள், மற்றவர் கூடத்தின் தலைவர். கத்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் விரைந்தாள்.

தலைவர் தம் அறையிற் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்கையின் விளிம்பிலும் அதே சாம்பல்நிறம்.

"கத்தியைத் தீட்டினது நீங்கதானே?"

"மெதுவா பேசும்மா. லேசா ரெண்டு இழுப்புதான் இழுத்தேன். செஞ்சவன் யாரு தெரியுமா? என் மச்சான். இது தேறலேன்னா வீட்ல எனக்குச் சோறு கிடையாது."

"உங்களுக்குச் சோறு கிடைக்கணும்னு என் தம்பி தண்ணிக்குள்ள போகணுமா?"

அவர் பல்குச்சியைக் கீழே போட்டார். "இன்னொரு தேர்வு இருக்குல்ல, வளைக்கிறது? அதுல பார்த்துக்கலாம், வா" என்று, தாமே பெருந்தன்மை காட்டுவார்போல் எழுந்து வந்தார்.

அலகின் முனையை இரும்புக் கவ்வியில் இறுக்கிப் பிடியைப் பற்றி அவள் பக்கவாட்டில் வளைத்தாள். நல்லெஃகு வளையும், விட்டால் நிமிரும். இதுவோ வளைந்தது, விட்டபின்னும், சோம்பல் முறிக்கப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டவனைப்போல் வளைந்தபடியே நின்றது. அவள் அதனைக் கழற்றி உறையிற் செருகிப் பார்த்தாள், பாதிக்குமேல் புகவில்லை.

தலைவர் முகம் மலர்ந்தது. "முறியலையே! விதியில முறியக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? தேறிடுச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா."

என்னே அவர் துணிவு! ஒருவன் கால் அற்ற துயரைக் கேட்டவர், அப்படகுகள் நிற்கும் துறையை நாள்தோறும் எதிரே காண்பவர், எழுத்தின் ஓட்டை வழியே தம் மைத்துனனை நுழைத்துவிட்டுப் புன்னகைக்கிறார். கத்தியை அவர் பலகைமேல் எறியவேண்டும் என்று அவள் கை துடித்தது. ஆயினும், அறிக்கையின் கடைசிச் சொல்லை மட்டும் படித்துக் கையொப்பமிடுவது அவரது நெடுநாள் வழக்கம் என்பதும் அப்போதே அவள் நினைவுக்கு வந்தது. திரும்பித் தன் இருக்கையில் அமர்ந்து, முத்துப்போன்ற எழுத்தில் எழுதினாள்:

'இக்கத்தி முந்நூறு முறை வடம் அறுத்தபின் மழுங்கியது. பின்னர், பூட்டிய அறையில், உணவு இடைவேளையில் மீண்டும் கூர்பெற்றது; அகலம் ஒரு மயிரிழை குறைந்தது. வளைத்தபோது முறியவில்லை, நிமிரவுமில்லை, இப்போது உறையினுள் புகுவதுமில்லை. ஆதலால், வடத்திற் கால் அகப்பட்ட படகினர், ஆய்வுக்கூடத் தலைவர் உண்டு முடித்துச் சாணைக்கல்லோடு வந்து சேரும்வரை பொறுத்திருக்க இயலுமாயின், இக்கத்தி அவர்க்கு முற்றிலும் தகுதியுடையது.'

தலைவரின் கண் தாளின் அடிக்கு இறங்கிற்று. 'தகுதியுடையது' என்பதைக் கண்டது. "இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!" என்று சிரித்து, அவள் பெயருக்குக் கீழே தம் பெயரை அகலமாக எழுதினார். வளைந்த கத்தியையும் அவ்வறிக்கையோடு கட்டி, அன்று மாலையே அவள் துறைமுகத்திற்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். கதவருகே நின்றபடியே சொன்னான்.

"அக்கா, உன் அறிக்கையை எங்க படகுத் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமா படிச்சாரு. மொதல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன். கால் போன அண்ணனும் ஊன்றுகோலோட வந்திருந்தாரு. அவர் மட்டும் சிரிக்கல. 'கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க'ன்னு கேட்டாரு. படிச்சாங்க. அப்புறம் யாரும் சிரிக்கலக்கா."

அவன் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அந்தக் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றாள்.

கத்திகள் வந்த வழியே திரும்பின. தலைவரோ இருக்கையை விட்டு அசையவில்லை. மயிரிழை அக்காவைத்தான் கீழ்த்தளத்தில் ஆணிகளைத் தேரும் இருளறைக்கு மாற்றினர். அங்கும் அவள் ஏனையோர்க்கு முன்னரே வந்து, முள் சுழியில் நிற்கிறதா என்று இருமுறை பார்த்தே பணி தொடங்குகிறாள். அன்பரே, உழைத்த எஃகு மழுங்குவது இயல்பு. அதனை நாம் வெறுப்பதற்கில்லை. மழுங்கியதை மறைவிலே தீட்டிப் பிறன் இடுப்பிற் கட்டிவிட்டுத் தான் உண்ண அமரும் ஒருவனைக் கண்டும் சினவாதிருப்பது எத்தகைய பண்பு என்பதை, கற்றறிந்த நீவிரே கூறுக.