கடைசிக் கண்ணி

“ஊசி எங்க தம்பி?”

முத்துமாரியின் அக்கா அருணாதேவி மறுபடியும் கேட்டாள். தங்கை பின்னி முடிக்காமல் விட்ட வெள்ளை நூல் பூவேலை அவள் மடியில் விரிந்து கிடந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அதையும் தங்கையின் உடல்மேல் போர்த்தியே ஆக வேண்டும் என்றாள்.

“கடைசிக் கண்ணியப் பூட்டாமப் போட்டா, ஒரே இழுப்புல அம்புட்டும் உருவிக்கிட்டு வந்துரும். அவ பின்னுற குரோஷா ஊசிய எடுத்துட்டு வாங்க.”

“தேடுறேன் மதினி,” என்றான் முத்துமாரியின் புருஷன் ராஜபாண்டியன்.

தேடவில்லை. ஊசி எங்கே போயிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் வேன் வரும்வரை முத்துமாரி வாசலில் நின்று பின்னுவாள். ஹாரன் கேட்டதும் நூலை உள்ளே போட்டுவிட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடுவாள். கம்பெனி கேட்டிலேயே உருவித் தூக்குவாளிக்குள் போட்டுவிடுவேன் என்பாள். ஒருநாள் மறந்திருந்தால்? அது எஃகு ஊசி. பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு கொண்டை ஊசிக்குக்கூட அனுமதியில்லை. மருந்தில் இரும்பு உரசினால் போதும்.

மருந்து வெடித்த அதே ரூமில் முத்துமாரியோடு இருந்த முத்துப்பேச்சியும் போய்விட்டாள். அடுத்த தெருவில் அவளுக்கும் கொட்டு அடித்தார்கள். இங்கே கொட்டு ஓயும்போதெல்லாம் அது கேட்டது. கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது.

முத்துமாரியை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குள் கட்டித்தான் கொடுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை.

“அந்த ஊசிய எனக்குக் குடுத்திருந்தா பத்திரமா வச்சிருப்பேன்,” என்றாள் அருணாதேவி. “எங்க ஆச்சிக்கு மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரம்மா குடுத்தது. மூத்தவளுக்கு வெரலா இருக்கு? ஒலக்கைன்னு சொல்லி அம்மா இவ கையில குடுத்துட்டாக.” சிரிக்கப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கம்பெனி போர்மேன் காளிராஜ் ராஜபாண்டியன் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாரோ உள்ள இரும்பக் கொண்டு போயிருக்காகன்னு பேசிக்கிறாக ராஜபாண்டி. பேச்சி வீட்டுக்காரன் யாரு, யாருன்னு குதிக்கான்.” குரலைத் தாழ்த்தினார். “உம் பொண்டாட்டி அந்த ரூமு ஆளே இல்லப்பா. அன்னைக்கி வேன விட்டுட்டு மினி பஸ்ல வந்துச்சு. அதுக்குள்ள அது வழக்கமா உக்கார்ற திரி ரூமுல ஆளு நெறஞ்சிருச்சு. அதான் நான் அந்த மருந்து ரூமுல உக்காரச் சொன்னேன்.”

அன்று அச்சாபீஸுக்கு அவன் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தான்; அவள் வேனை விட்டது அவனுக்குத் தெரியாது. எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மகள் பிரீத்திகா உட்கார்ந்திருந்தாள். வலது கையை இறுக மூடியிருந்தாள்.

“அடிக்காதீகப்பா.”

கையைப் பிரித்தான். ஊசி.

சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தான். கொண்டையில் இல்லை. அவள் கொண்டுபோகவே இல்லை. அடுத்த தெருக் கொட்டு கேட்டது. இப்போது அதைக் கேட்க முடிந்தது.

“எங்கன கெடந்துச்சு?”

“நாந்தான் ஒளிச்சு வச்சேன். எனக்கும் சொல்லித் தான்னேன். ஞாயித்துக்கெளம பாப்போம்னுச்சு. எப்பவும் அப்பிடித்தான் சொல்லும்.” மூக்கை உறிஞ்சினாள். “அம்மா ரொம்ப நேரம் தேடுச்சுப்பா. வேன் போயிருச்சு.”

வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குக் குளிர்ந்தது.

“வேற யாருகிட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லக் கூடாது. என்ன?”

தலையாட்டினாள்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தான். ஊசியை வாங்கிய அருணாதேவி கடைசிக் கண்ணியில் நூலை இழுத்துப் பூட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வீட்டுலதான் இருந்துச்சா?”

“வீட்டுலதான் மதினி.” எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

காளிராஜ் ஊசியையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். “நல்லவேளை. இனி அந்தப் புள்ளைய ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அன்னைக்கி மட்டும் லேட்டா வராம இருந்திருந்தா…”

“அண்ணாச்சி.”

அவன் குரலில் கொட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பா,” என்றாள் பிரீத்திகா. “அம்மா லேட்டாவா போச்சு?”

“இல்லம்மா. மினி பஸ் வேகமாப் போயிருச்சு. போர்மேன் மாமாகிட்ட கேளு.”

காளிராஜ் பிள்ளையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

“ஆமா தாயி. மொத ஆளா வந்துச்சு உங்கம்மா.”

வெள்ளைத் துணியின் மேல் பூவேலையை விரித்து, ஓரங்களை நீவிவிட்டாள் அருணாதேவி. பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

“இந்தா, பிடி,” என்று பிரீத்திகாவிடம் ஊசியை நீட்டினாள். “இனி ஒனக்குத்தான்.”

பிரீத்திகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.