தண்ணீர் நின்ற மட்டம்

டேவிட்ராஜ் ஆறு மாதமாகத் தன் மனைவி சகாயராணியிடம் அந்த ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். மாரண்டஹள்ளியில் அவன் பொக்லைன் ஓட்டுகிறவன். கிணறு, கால்வாய், கட்டட அஸ்திவாரம் என்று எத்தனையோ தோண்டியிருக்கிறான். யாரும் மாலை போட்டதில்லை. போன மே மாதம் வத்தல்மலை மேலே ஒரு சின்ன ஏரியைத் தூர்வாரி அகலப்படுத்திக் கொடுத்தபோதுதான் ஊரே கூடி மாலை போட்டது. இந்த வருஷம் ஐப்பசி மழையும் குறைவில்லை. ஏரி தளும்பும், பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. கடைசி வளைவு தாண்டியதும் ஏரி தெரியும். மூன்று பக்கம் மலைச்சரிவு, நான்காம் பக்கம் மண்கரை. மூன்று சரிவில் விழும் மழையும் வேறு போக்கிடம் இல்லாமல் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தாகவேண்டும். அப்படிப்பட்ட இடம்.

கரை மேல் ஏறி நின்றான். ஏரி பாதிதான் இருந்தது. தண்ணீரைச் சுற்றி அகலமாகக் காய்ந்த சேறு வெடித்துக் கிடந்தது.

"இதுக்கா இத்தன நாளு என் காத அடைச்சீங்க?" என்றாள் சகாயராணி. "நம்மூரு மாட்டுக் குட்டை இதவிடப் பெருசு."

தண்ணீரோரம் மாடுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். செல்லி. ஏரி வேலை நடந்த நாட்களில் அவனுக்குச் சோறாக்கிப் போட்டவள்.

"டிரைவரண்ணா! வாங்க, வாங்க. இது அண்ணிங்களா? பாவம், இந்தாளு கூட எப்படித்தான் குடும்பம் பண்றீங்களோ. சோத்துல உப்பு கம்மின்னு தெனமும் சொல்லுவாரு."

"வூட்லயும் அதே பாட்டுதான்" என்றாள் சகாயராணி.

டேவிட்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "தண்ணி ஏன் இப்படிக் கெடக்குது?"

"எல்லாம் அந்த மாயவனாலதான்" என்றாள் செல்லி.

அவள் சொன்னது இது. மலை மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, உறிஞ்சிவிடும். ஏரியின் அடியில் கறுப்புக் களிமண் ஒரு படுகையாக இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. வெயிலில் அந்தக் களி வெடித்துப் பிளக்கும். அதனால் முதல் மழை பெய்து களி நனைந்ததும் எல்லா வீட்டு மாடுகளையும் உள்ளே இறக்கி மிதிக்கவிடுவார்கள். ஆயிரம் குளம்புகள் மிதித்துப் பிசைந்தால் வெடிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு வீடும் விலகக்கூடாது என்பது கட்டுப்பாடு. இந்த வருஷம் மாயவன் மட்டும், மாடுகளுக்குக் கோமாரி நோய் என்று சொல்லி அனுப்பவில்லை.

"நெசமாவே கோமாரியோ, சோம்பேறித்தனமோ. ஏரி போச்சு. இப்ப அவன் காட்டுக்கு அறுப்புக்கு ஒருத்தரும் போறதில்ல."

அவள் கை காட்டிய சரிவில் எல்லாக் காடும் அறுப்பு முடிந்து தாளாக நின்றது. ஒன்றில் மட்டும் கேழ்வரகு முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. ஒரே ஒரு ஆள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு மழை வந்தால் கதிரெல்லாம் முளைத்துவிடும்.

"தண்ணி இன்னும் எறங்குதா?" என்று கேட்டான் டேவிட்ராஜ்.

"அதான் அதிசயம். எறங்கி எறங்கி, இங்க வந்து நின்னுச்சு. ஒரு மாசமா வெரக்கடை கூடக் கொறையல."

அவன் சட்டென்று கிழக்கு ஓரத்துக்கு நடந்தான். அகலப்படுத்துவதற்காகச் சரிவை அவன் வெட்டிய இடம் அது. ஒரு பானை அடியில் கசிந்தால் தண்ணீர் முழுதும் போய்விடும். பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டை வரைக்கும்தான் போகும். அதற்குக் கீழே அப்படியே நிற்கும். மாடு மிதிக்காத குறை என்றால் அது அடிக்கசிவு. இந்நேரம் ஏரி வறண்டிருக்க வேண்டும்.

வெட்டின் முகத்தில் கையை வைத்தான். மஞ்சள் சரளை பொலபொலவென்று உதிர்ந்தது. களி அங்கே துளியும் இல்லை. வெட்டின் கீழ் விளிம்பும் தண்ணீர் மட்டமும் நூல் பிடித்தது போல ஒன்றாக இருந்தன.

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கறுப்பு மண் தீர்ந்து மஞ்சள் மண் வந்ததும் பக்கெட் சுலபமாக நிறைந்தது. வேலை ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு இன்னும் உள்ளே வெட்டினான். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பெரிய ஏரி வேண்டும் என்றுதான் அவர்களும் ஆசைப்பட்டார்கள்.

சகாயராணி பின்னால் வந்து நின்றாள். அவன் பானைக் கணக்கைச் சொன்னான். அவள் உதிர்ந்த சரளையைப் பார்த்தாள். பிறகு சரிவில் குனிந்திருந்த ஆளைப் பார்த்தாள்.

"இங்க யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது."

"பைக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பப் போறீங்களா?"

அவன் ஊருக்குள் நடந்தான். பலாமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவனைக் கண்டதும் எழுந்து ஸ்டூல் போட்டார்கள். அவன் உட்காரவில்லை.

"மாயவனையும் கூப்பிடுங்க. ஏரிய ஒடச்சது நான்" என்றான்.

சிலர் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. அவன் எல்லோரையும் கிழக்கு ஓரத்துக்கு அழைத்துப்போய், கைப்பிடிச் சரளையை அள்ளி அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் ஒரு நொடி கூட நிற்கவில்லை. சிரிப்பு அடங்கியது.

"மாலை போட்டமேய்யா உனக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப வழி?" என்றாள் செல்லி.

"இந்த வெட்டு முகம் பூரா களி வெச்சு அடைக்கணும். நான் தோண்டி எடுத்த களி, எருவுக்குன்னு நீங்க அள்ளிட்டுப் போனது, உங்க காட்டுலதான் கெடக்குது. மறுபடி மாடு விட்டு மிதிக்கணும். செங்குத்தா இருந்தா மாடு ஏறாது, நான் சரிவா வெட்டித் தரேன்."

மாயவன் அரிவாளுடன் ஓரமாக நின்றிருந்தான். கைகளில் கேழ்வரகுத் தாள் கிழித்த கோடுகள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் மாடு இப்ப நல்லாயிடுச்சு" என்றான் அவன். "கூப்பிடுவீங்களா, இல்ல அதுக்கும் எதுனா கட்டுப்பாடு வெச்சிருக்கீங்களா?"

"நாளைக்கு உன் அறுப்புக்கு நாங்க வரோம், மாயவா" என்றார் பெரியவர் தரையைப் பார்த்தபடி.

"நானும் வரேன்" என்றான் டேவிட்ராஜ்.

"நீ வேணாம்" என்றான் மாயவன். "உனக்கு அறுக்கத் தெரியாது. கதிரோட களியையும் தோண்டிடுவ. நீ மெஷினோட வா."

முதலில் சிரித்தவள் சகாயராணிதான்.