அழிக்கக் கூடாத பெயர்

"இந்த எடத்துல ஒரு கோடு போடு. அம்புட்டுதான்."

திங்கட்கிழமை காலையில் அசோக்குமார் வருகைப் பதிவேட்டைச் சமையல் மேடையில், சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தான். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பதிவேடு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பேச்சியம்மாள் என்ற பெயருக்கு நேரே, புதன்கிழமைக் கட்டத்தில், வரவில்லை என்று சிவப்பு மையில் குறித்திருந்தது. குறித்தவள் அவனுடைய மனைவி தமிழ்ச்செல்விதான். அந்த வகுப்புக்கு அவள்தான் வகுப்பாசிரியை.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வராத பிள்ளைக்கு வந்ததா எப்படிங்க போடறது?"

"கை தவறிப் போட்டுட்டேன்னு சொல்லு. பத்து மணிக்கு விசாரணை. புருசன் மானம் பெருசா, அந்தக் கழுதை பெருசா?"

"பெருசு சிறுசு இல்லைங்க. அவ அன்னைக்கு வரல."

தம்ளர் பறந்து போய்ச் சுவரில் மோதியது. காபி வழிந்ததை அவள்தான் துடைத்தாள்.

சங்கதி இதுதான். ஒத்தக்கடையில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் அசோக்குமார் பத்து வருடமாகக் கணக்கு வாத்தியார். பிரம்பு இல்லாமல் வராந்தாவில்கூட நடக்கமாட்டான். தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம் அதே பள்ளியில் தமிழ்ச்செல்விக்கும் வேலை கிடைத்தது. சிபாரிசு செய்ததே அவன்தான். வேலைக்கு வந்தவள் இவனுக்குக் கீழேயே இருப்பாள் என்று நம்பியிருந்தான், பாவம்.

எட்டாம் 'ஆ' பெயர் போன வகுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதிவைப்பான். வாத்தியார் வந்ததும் எழுதிய வரிசையில் அடிப்பார். தலைவன் ஸ்ரீனிவாஸ், பள்ளிச் செயலாளரின் பேரன். செங்கல் சூளைக் காலனிப் பிள்ளைகள் யாராவதுதான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். பேச்சியம்மாளின் பெயரைப் பலகை மூலையில் கட்டம் கட்டி, பக்கத்தில் 'அழிக்கக் கூடாது' என்றே எழுதிவிட்டான். தினமும் எழுதுவதற்குச் சோம்பல்!

பேச்சியம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. பெஞ்சில் தாளம் போடுவாள், எதிர்த்துப் பேசுவாள், பாடம் நடக்கும்போது பூனை மாதிரிக் கத்துவாள். தமிழ்ச்செல்வி முதல் வாரம் அவளைத் திட்டவில்லை. பாடத்தை நடத்திக்கொண்டே போய் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மணியடித்த பிறகு வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"பேசுனாலும் அடி, பேசாட்டாலும் அடி டீச்சர். எம்பேரு போர்டுலயே கெடக்கு. அப்ப பேசிட்டே வாங்கிக்கலாம்ல?"

அன்றைக்கே தமிழ்ச்செல்வி பலகை மூலையை ஈரத்துணியால் துடைத்தாள். தன் வகுப்பில் பெயர் எழுதுவது கிடையாது என்றாள். வாரத்துக்கு ஒருமுறை பெஞ்சை மாற்றி உட்காரவைத்தாள்; முன்வரிசை யாருக்கும் பட்டா போட்ட இடம் இல்லை என்றாள். பாட்டுப் படித்துக் காட்டும் பொறுப்பைப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தாள். மறுபடி இரண்டு முறை அந்தப் பெண் பூனை மாதிரிக் கத்தினாள். இரண்டு முறையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். தீபாவளிக்குள் வகுப்பு அடங்கிவிட்டது. கணக்குப் பாடவேளையில் மட்டும் பிள்ளைகள் பழைய இடத்துக்குப் போவார்கள், மூலையில் பெயரும் திரும்ப ஏறும்.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் மொக்கைச்சாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அசோக் சார், பிரம்பைத் தூக்கிப் போட்டுட்டு உங்க வீட்டம்மாகிட்ட டியூஷன் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அசோக்குமாரும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே சொல்லிவிடுவோம், அதற்கு நல்ல பேர் வேறு கிடையாது. அவள் வகுப்பைக் கடக்கும்போது நின்று ஒட்டுக்கேட்பான். உள்ளே பிள்ளைகள் சிரித்தால் வெறுப்பு, அமைதியாக இருந்தால் அதைவிட வெறுப்பு. அடுத்த வீட்டுக்காரன் பொண்டாட்டி கெட்டிக்காரியாக இருந்தால் பாராட்டியிருப்பான். தன் பொண்டாட்டி ஆயிற்றே, தாங்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவன் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. பலகை மூலையில் பேச்சியம்மாள் பெயர் இருந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்? 'பேச்சியம்மாள் விசிலடித்தாள், கண்டித்ததற்கு என்னை எதிர்த்துப் பேசினாள்' என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். மனைவி அடக்கியதாகச் சொன்ன பெண் அடங்கவில்லை என்று ஊருக்குத் தெரியட்டுமே! அவள் உட்காரும் கடைசி பெஞ்சை எட்டிப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறை. மேசைமேல் மாற்றுச் சான்றிதழ் எழுதித் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அதை வாங்கிக்கொண்டு போனால் அந்தப் பெண் மறுநாளே சூளையில் கல் சுமப்பாள். அவளும் அவள் அம்மா சோலையம்மாளும் கதவோரம் நின்றார்கள்.

"பொட்டப்புள்ள விசிலடிக்குதுன்னா பள்ளிக்கூடம் பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மொக்கைச்சாமி.

"சாமி, அன்னைக்கு எனக்குக் காச்சலு. எங்கூடப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துச்சுய்யா எம்மக," என்றாள் சோலையம்மாள்.

"நீ சும்மா இரும்மா. டீச்சர், ரிஜிஸ்டர் எங்க?"

அசோக்குமார் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். சிவப்பு மை அப்படியே இருந்தது.

"அன்னைக்கு அவ வரல சார். வராத புள்ள விசிலடிக்காது, எதுத்தும் பேசாது."

மொக்கைச்சாமி பதிவேட்டையும் புகாரையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்புத் தலைவன் ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டனுப்பி, விசிலடித்தது யார் என்று கேட்டார். அவன் மறைக்கக்கூட இல்லை. "சும்மா வெளையாட்டுக்கு அடிச்சேன் சார்," என்றான்.

"ஆம்பளப் பய, வயசு அப்படி!" என்று சிரித்தார் மொக்கைச்சாமி. சான்றிதழைக் கிழித்துக் கூடையில் போட்டார். பேச்சியம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். "ஒரே வீட்டுக்காரவுகளுக்குள்ள இது நல்லால்லம்மா. சாரு மனசும் சங்கடப்படும்ல? இனிமே எட்டாம் 'ஆ' சாருகிட்ட இருக்கட்டும். நீங்க ஆறாம் வகுப்புக்குப் போயிருங்க."

பொய் எழுதியவனுக்கு வகுப்பு, உண்மை எழுதியவளுக்கு இடமாற்றம். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. தமிழ்ச்செல்வி பதிவேட்டை மூடிக் கையில் எடுத்தாள். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். அசோக்குமார் பிரம்போடு பின்னால் வந்தான்.

வகுப்புக்குள் போனதும் பலகை மூலையில் இருந்த பெயரை முந்தானையாலேயே அழுத்தித் துடைத்தாள். பேச்சியம்மாள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாற்பது பிள்ளைகள் பார்க்கத் தமிழ்ச்செல்வி பதிவேட்டைப் புருசனிடம் நீட்டினாள்.

"இனிமே நீங்கதான் குறிக்கணும் சார். ஒவ்வொரு முகமாப் பாத்துக் குறிங்க."

அவள் வெளியே போனாள். அசோக்குமார் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தான். முதல் பெயரைக் கூப்பிட்டான். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

"சத்தமாக் கூப்பிடுங்க சார்," என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள். "இங்கிட்டு கேக்கல."