பாதிரியார் சித்தப்பாவின் வாக்கியங்கள்

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்துவிட்டு அவரை யாரும் கரித்துக்கொட்டக் கூடாது. அந்த வேலைக்கு நான் இருக்கிறேன். வீட்டில் துணி துவைத்து மடிப்பது அவர்தான். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போடுவதும் அவர்தான். ஒரே பள்ளியில் இருவருக்கும் வேலை. எனக்குக் கணக்கு, அவருக்கு இலக்கியம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நாவல் சார்.

பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் அவர் நடத்தும், தமிழில் மொழிபெயர்த்த விக்டோரியா காலத்து நாவல்தான் அந்தப் பெயருக்குக் காரணம். கடிகாரக் கடைக்காரரின் மகள் ஒருத்தி, அப்பா போனபின் கடையைத் தானே நடத்த ஆசைப்படுகிறாள். பாதிரியாராக இருக்கும் சித்தப்பா விடுவதில்லை. அவர் திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். உன் மெல்லிய விரல்களுக்கு இந்தப் பல்சக்கரம் எதற்கம்மா என்று உருகி உருகியே கடையை விற்று, அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவார். அந்தக் கட்டம் வந்தால் என்னவருக்கு ரத்தம் கொதிக்கும். “பாசத்தைக் காட்டியே ஒரு பொண்ணோட கையைக் கட்டிப்போட்டுட்டான் பாருங்க!” என்று மேசையில் ஓங்கி அறைவார். எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அவர் அங்கே அறைந்தால் இங்கே என் சாக்பீஸ் கீழே விழும்.

அந்த வகுப்பில் ஊசி என்று ஒரு பெண். ஒல்லியாக இருப்பதால் வைத்த பட்டப்பெயர், மூளைக்கும் பொருந்தும். கணக்கில் அவள் கை ஓடுவதைப் பார்த்தால் எனக்கே பொறாமை வரும். அடுத்த வருஷம் உயர்கணக்குப் பிரிவில் சேர வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மார்க் மட்டும் போதாது. மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் தலைமையாசிரியை இடம் கொடுப்பார். இல்லாவிட்டால் மனையியல். ஊசியின் வகுப்பாசிரியர் வேறு யார், எங்கள் வீட்டுத் துணி மடிப்பவர்தான்.

பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்குப் போன அட்டையை ஊசி என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். முகம் செத்திருந்தது. என்னவரின் முத்துமுத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘மென்மையான மனம் படைத்தவள். கடினமான பாதையில் செலுத்தினால் இம்மலர் வாடிவிடும்.’

சாயந்திரம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதி வச்சிருக்கீங்க?”

“போன பரீட்சையில அழுதுட்டாம்மா. நான்தானே பக்கத்துல நின்னேன். மனசு தாங்கல எனக்கு.”

“அழுதுக்கிட்டே அந்தக் கணக்கை முடிச்சாளே, அது கண்ணுல படலையா? பசங்க கணக்கு வரலைன்னா பெஞ்சை உதைக்கிறாங்க. அவங்களை யாராவது மலர்ங்கிறீங்களா?”

“உனக்கு எல்லாமே சண்டைதான். நான் அவ நல்லதுக்குத்தான் எழுதினேன்” என்று என் புடவையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். மடித்த புடவையை வாங்கிக்கொண்டு மேலே எப்படிச் சண்டை போடுவது?

யாருக்கு எந்தப் பிரிவு என்று தலைமையாசிரியை முடிவு செய்யும் கூட்டம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் அவர் வகுப்பில் ‘யார் சொன்னது’ நடந்தது. நாவல் முடிந்ததும் அவர் வைக்கும் விளையாட்டு அது. பிள்ளைகள் நாவலிலிருந்து ஒரு வரியை வாசிக்க வேண்டும், சொன்னது யார் என்று அவர் சொல்ல வேண்டும். அவர் தோற்றதே கிடையாது. அந்த நாவல் அவருக்கு அவ்வளவு மனப்பாடம். அதன் நடையே அவர் கைக்கு வந்துவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்பின் இடுக்கருகே நின்றிருந்தேன்.

ஊசி எழுந்தாள். “‘அடக்கமே இவளுக்கு அழகு. போட்டிகளில் இறங்கி அதை இழக்க வேண்டாம்.’ யார் சொன்னது சார்?”

“சித்தப்பா! இதுகூடத் தெரியாதா? கடிகாரக் கண்காட்சிக்குப் போகணும்னு அவ கேக்கிறப்ப சொல்றது” என்றார் ஒரு நொடிகூட யோசிக்காமல்.

“‘கேள்விகளைக் குறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் பிரியமானவளாவாள்.’”

“சித்தப்பாவேதான். இனிக்க இனிக்கப் பேசியே காரியத்தை முடிச்சிட்டான் படுபாவி!” மேசை அதிர்ந்தது. வழக்கமாகச் சிரிக்கும் வகுப்பு சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ஊசி தொண்டையைச் செருமினாள். “‘மென்மையான மனம் படைத்தவள். கடினமான பாதையில் செலுத்தினால்…’”

“சித்…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். ஓங்கிய கை காற்றில் நின்றது. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது நான் எழுதினது” என்றார்.

“மூணுமே நீங்க எழுதினதுதான் சார். முதல் ரெண்டும் தலையைக் குனிஞ்சிருக்காங்களே, அவங்க ரெண்டு பேரோட கார்டுல இருந்து எடுத்தேன்.”

“நல்லதுக்குத்தானேம்மா எழுதினேன்…”

“சித்தப்பாவும் நல்லதுக்குத்தான் சார் செஞ்சாரு. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க.” கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. அவரைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. சண்டையில் ஜெயித்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

“நான் என்ன எழுதணும்?” என்று அவளையே கேட்டார்.

“பசங்களுக்கு எழுதற மாதிரி எழுதுங்க சார். கணக்கு வருதா, வரலையான்னு மட்டும்.”

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஊசியின் அட்டையில் தன் குறிப்பை அடித்துவிட்டு, ‘கணக்கு நன்றாக வருகிறது’ என்று எழுதி நீட்டினார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சார் இது? பாவம், பொம்பளைப் புள்ள. முடியாம போய் அழுதா யாரு பதில் சொல்றது?”

“அழட்டும் மேடம். அழுதுக்கிட்டே போடுவா” என்றார். நான் சொன்னதைத்தான் சொன்னார் என்றாலும், அன்றைக்கு அவர் வாயிலிருந்து கேட்கப் பெருமையாக இருந்தது. இடம் கிடைத்தது.

அடுத்த வருஷம் உயர்கணக்கு முதல் பரீட்சையில் ஊசி படுதோல்வி. நான் தாளைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். மணி அடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் சொட்டிச் சிவப்பு மை கலைந்திருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்த என்னவர் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டார்.

அவர் முகம் இளகிப்போயிற்று. கிட்டே போய், குனிந்து, “அழாதம்மா. உன்னால முடியலைன்னா பரவாயில்ல…” என்று ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்தேன்.

ஊசி நிமிர்ந்தாள். “சார், ஒரு பையன் இப்படித் தப்பாப் போட்டா என்ன சொல்வீங்க?”

அவர் கொஞ்சம் விழித்தார். “கழுதை, மறுபடி போடுன்னு சொல்வேன்.”

“அப்ப அதைச் சொல்லுங்க சார்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“கழுதை” என்றார், ரொம்ப மெதுவாக. “மறுபடி போடு.”

ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.